காட்டுத் தீயும் எமது வீட்டு முற்றமும்

காண்டாவனம் என்ற சொல்லை எமது முதியோர் வெயிலுக்குப் பெயராக வழங்கி வந்துள்ளனர். சித்திரை கழிந்து வைகாசி பிறக்கும் வேளையில், மாட்டுப்பட்டியில் நிற்கும் மாடுகளும் மூச்சிரைக்கும் நாட்களில், "காண்டாவனம் தொடங்கிவிட்டது" என்பர். பாரதக் கதையிலே அக்கினி தேவன் பசி தீர உண்ட காட்டின் பெயர் அது. வெயிலுக்கு எரிந்த காட்டின் பெயரையே சூட்டியவர்கள், இவ்விரண்டுக்குமுள்ள உறவைக் கண்ணாற் கண்டவர்களாகவே இருத்தல் வேண்டும்.

வன்னிப் பெருநிலத்துக்கு மழை தருவது வாடைக் காலம். ஐப்பசியில் இடிமுழக்கத்தோடு தொடங்கித் தை வரை பெய்யும் மாரி மழையே குளங்களை நிரப்புகின்றது. இரணைமடுவும் வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் அம்மழையை நம்பி நிற்பவையே. பங்குனி சித்திரையில் இரண்டொரு மழை விழும். அதன்பின் புரட்டாசி வரை வானம் பெரும்பாலும் வாய் திறவாது. அவ்வேளை வீசும் சோளகக் காற்று, தென்மேற்குக் கரையிலும் மலைநாட்டிலும் தன் ஈரத்தைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாய் எம்மிடம் வந்து சேர்கின்றது. நாலைந்து மாத வறட்சி, ஓயாத காற்று, மாரியில் ஆளுயரம் வளர்ந்து கோடையிற் காய்ந்து நிற்கும் புல் ஆகிய மூன்றும் ஒருங்கு கூடிய இடத்தில், வழிப்போக்கன் ஒருவன் அணைக்காது எறிந்த பீடித் துண்டு ஒன்றே போதும்.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலும் இக்கோடையின் வாயிலிலேயே, வைகாசி மாதத்தில் வருகின்றது. மதுரையை எரித்த அன்னை ஈழத்துக்கு வந்து, பத்தாவது இடமாக இங்கே தங்கினாள் என்பது ஐதிகம். பொங்கலுக்கு முன்னர் முல்லைத்தீவுக் கடலில் எடுத்து வரும் நீரைக் கொண்டு முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரிப்பதைக் காணப் பல்லாயிரம் பேர் திரள்கின்றனர். நெருப்பை ஆளும் தாயை வணங்கிக்கொண்டே கோடைக்குள் நுழைவது எம்மவர் வழக்கம். அவ்வணக்கத்தோடு கையிலே ஒரு மண்வெட்டியும் வேண்டும் என்பதைச் சொல்லவே நாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

எரிவது காடா?

"காடு எரிகிறது" என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகின்றோம். உண்மையில் வன்னியின் முதிர்ந்த காடு எளிதில் எரிவதன்று. பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் அடர்ந்து நிற்கும் இடத்திலே, கோடையிலும் இலை முற்றாக உதிர்வதில்லை. நிழல் தரையை மூடியிருப்பதால் அங்கே புல் வளர்வதற்கு இடமில்லை. புல் இல்லாத இடத்தில் தீ ஓடுவதற்குப் பாதையும் இல்லை. ஓடினாலும் சருகை மட்டும் தின்றுகொண்டு, முழங்கால் உயரத்துக்கு மேற்படாது, மெல்ல ஊர்ந்து சென்று தானே அவிந்துவிடும்.

எரிவது காட்டின் ஓரம். வெட்டிக் கைவிட்ட சேனை, தரிசாய்க் கிடக்கும் வயல், வீதியோரப் பற்றை, குளக்கட்டின் அலைகரைப் புல், நாயுண்ணியும் முட்செடியும் பின்னிக்கிடக்கும் பற்றைக்காடு ஆகியவைதாம் தீயின் உறைவிடம். அவற்றோடு தேக்கந் தோட்டங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தேக்கு கோடையில் இலையுதிர்க்கும் மரம். அதன் இலையோ முறம்போன்று அகன்றது. முள்ளியவளைப் பக்கத்துத் தேக்கங்காட்டில் வறட்சி நாளொன்றில் நடந்து பார்த்தவருக்குக் காலடியில் நொறுங்கும் சருகின் ஓசையே வேண்டிய பாடத்தைச் சொல்லிவிடும்.

இவ்விடத்திலே வரலாறும் குறுக்கிடுகின்றது. 2008ஆம், 2009ஆம் ஆண்டுகளிலே வன்னி மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தனர். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேதான் மூடப்பட்டது. மக்கள் திரும்பிய போது, வீடிருந்த இடத்தை மரத்தை அடையாளமாகக் கொண்டு தேட வேண்டியிருந்தது. வளவு பற்றையாகவும், வயல் புற்காடாகவும் மாறியிருந்தன. உழவும் மேய்ச்சலும் இருந்த காலத்தில் மாடு தின்றும் மனிதன் வெட்டியும் குறைத்துவந்த புல்லும் விறகும், கேட்பாரின்றி ஆண்டுக்காண்டு சேர்ந்துவிட்டன. இன்றும் உரிமையாளர் திரும்பாத காணிகள் பல ஊர்களிலே உண்டு. அக்காணிக்கு அடுத்த வளவில் வாழும் குடும்பத்துக்குத்தான் ஆடி மாதத்திலே தூக்கம் இல்லை.

இத்தகைய கைவிட்ட நிலம் எத்துணைக் கொடியது என்பதை உலகம் 2023 ஓகஸ்ட் 8ஆம் நாள் கண்டது. ஹவாய்த் தீவுகளிலொன்றான மாவுயியில் லகைனா என்ற பழைய துறைமுகப் பட்டினம் ஒரே நாளில் எரிந்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்களும் நூறு உயிர்களும் போயின. பட்டினத்தைச் சூழக் கிடந்தவை, கரும்புப் பயிர்ச்செய்கை கைவிடப்பட்டபின் புல் மண்டிய தோட்ட நிலங்கள். அப்புல்லிலே முதன்மையானவற்றுள் ஒன்று ஆபிரிக்காவிலிருந்து மாட்டுக்குத் தீனியாகக் கொண்டுவரப்பட்ட கினிப்புல். எமது ஏ9 வீதியோரத்திலும் வாய்க்கால் கரையிலும் ஆளுயரத்துக்கு நிற்பதும் அதே புல்தான்.

பைனும் பனையும்

மேனாட்டு நூல்கள் காட்டுத் தீயைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் பைன் காட்டைப் பற்றியே பேசும். எமது தீவிலே பைன் மரம் மலைநாட்டிலே தோட்டமாக நடப்பட்டது. பதுளை, நுவரெலியாப் பகுதிகளில் வறட்சி வந்ததும் அத்தோட்டங்கள் எரிவதைச் செய்தித்தாள்களில் நாம் படிக்கின்றோம். அம்மரத்தின் பசை எண்ணெய்த் தன்மை கொண்டது. ஊசி இலைகள் மெத்தைபோல் தரையில் குவியும். கீழ்க்கிளைகள் காய்ந்தும் விழாது தொங்குவதால், தரையிற் பற்றிய தீ அவற்றை ஏணியாகக் கொண்டு உச்சிக்கு ஏறிவிடும்.

வன்னியில் பைன் இல்லை. ஆனால் அதற்கு நேரான ஒரு மரம் உண்டு. அதை நாம் கற்பகதரு என்று போற்றுகின்றோம். பூநகரியிலும் பளையிலும் பனங்காட்டைப் பார்த்தவர்கள் சிறிது நினைத்துப் பார்க்கட்டும். வெட்டாது விட்ட பனையின் கழுத்திலிருந்து காவோலை கீழ்நோக்கித் தொங்கிப் பாவாடை கட்டியதுபோல் நிற்கும். வடலியிலோ கங்குமட்டையும் கருக்குமட்டையும் அடிதொட்டு முடிவரை அடுக்கியிருக்கும். பன்னாடை பஞ்சைப்போல் பற்றும். தரையிற் பற்றிய தீ வடலியில் ஏறி, வடலியிலிருந்து காவோலையைப் பிடித்து, நாற்பது அடி உயரத்திலே தீப்பந்தமாய் நின்றெரியும். அங்கிருந்து சோளகம் அள்ளிச் செல்லும் எரியோலைத் துண்டு எங்கே விழும் என்று யாரால் சொல்ல முடியும்?

முன்னாளில் இந்த ஆபத்து இத்துணை இருந்ததில்லை. ஏனெனில் பனையோலைக்கு அப்போது மதிப்பிருந்தது. வீடு வேயவும், வேலி அடைக்கவும், மாட்டுக்குப் போடவும், வயலிலும் தோட்டத்திலும் பசளையாகத் தாழ்க்கவும் ஆண்டுதோறும் ஓலை வெட்டினர். காவோலையும் மட்டையும் அடுப்புக்குப் போயின. இன்று கூரைக்கு ஓடு, வேலிக்கு முட்கம்பி, பயிருக்கு மூட்டைப் பசளை, அடுப்புக்கு எரிவாயு. வசதி கூடியதை நாம் குறைகூறவில்லை. ஆயினும் முன்பு வேலையாக நடந்த துப்புரவு, இப்போது யாருடைய வேலையுமில்லாமற் போய்விட்டது. மரம் ஏறுவோர் அருகிவிட்டதும் இதனோடு சேர்ந்தது.

ஆகவே வீட்டைச் சூழப் பனை நிற்குமாயின், அதைத் தறிக்க வேண்டியதில்லை. வைகாசிக்கு முன்னர் காவோலையை இறக்கி, அடியில் நிற்கும் வடலியின் காய்ந்த மட்டைகளைக் களைந்து, அடிமரத்தைச் சுற்றி நாலு அடிக்குப் புல்லைச் செருக்கிவிட்டால், அப்பனை தீயைப் பெரும்பாலும் தாங்கி நிற்கும். தென்னைக்கும் இதுவே விதி. காய்ந்த ஓலை, பாளை, பன்னாடை மூன்றையும் இறக்கிவிட வேண்டும்.

தீப்பொறியின் வேலை

வீட்டை எரிப்பது எது என்று கேட்டால், "தீச்சுவாலை வந்து சுட்டுவிடும்" என்றே பலரும் விடையிறுப்பர். ஆராய்ச்சியாளர் கண்டது வேறு. ஜாக் கோஹென் என்ற அமெரிக்க ஆய்வாளர், 1990களின் பிற்பகுதியில் கனடாவின் வடமேற்குப் பிரதேசத்துப் பைன் காட்டிலே நடந்த பெரும் பரிசோதனைகளில் பங்குகொண்டார். காட்டிலிருந்து பத்து, இருபது, முப்பது மீற்றர் தூரங்களிலே மரச்சுவர்களை நிறுத்தி, காட்டின் முடிகளெல்லாம் பற்றும்படி தீ மூட்டினர். இருபது மீற்றரிலும் முப்பது மீற்றரிலும் நின்ற மரச்சுவர்கள் பற்றவில்லை. பத்து மீற்றரில் நின்றவைகூட எல்லா முறையும் பற்றவில்லை. தீயின் வெப்பம் தூரத்தோடு விரைந்து குறைந்துவிடுகின்றது என்பது இதனால் விளங்கும்.

அப்படியாயின் ஊர்கள் ஏன் எரிகின்றன? பொறியினால். 2018 நவெம்பர் 8ஆம் நாள் கலிபோர்னியாவில் பரடைஸ் என்ற ஊரை அழித்த தீ, 85 பேரைப் பலிகொண்டு, 18,000க்கு மேற்பட்ட கட்டடங்களைச் சாம்பலாக்கியது. பின்னர் எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். வீடுகள் அடித்தளம் மட்டுமாய்க் கிடக்க, அவற்றுக்கிடையே பைன் மரங்கள் பல பச்சையாகவே நின்றன. காற்று அள்ளிவந்த பொறிகள் கூரை இடுக்கிலும், பீலியிற் கிடந்த சருகிலும், திண்ணையோரத்து விறகிலும் விழுந்து வீட்டை மூட்டின. பின்னர் எரிந்த வீடே அடுத்த வீட்டுக்கு அடுப்பாயிற்று. பெருந்தீயின் பொறிகள் ஒரு மைலுக்கு அப்பாலும் சென்று விழுவதுண்டு.

கனடாவிலே உறவினர் உள்ள வன்னிக் குடும்பங்கள் பல. அந்நாட்டில் 2016 மே மாதத்தில் போர்ட் மக்மரி நகரிலிருந்து எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வெளியேறியதையும், 2024 ஜூலையில் ஜாஸ்பர் என்ற மலையூரின் கட்டடங்களில் மூன்றிலொரு பங்கு எரிந்ததையும் தொலைபேசி வழியாகவே நம்மவர் கேட்டறிந்திருப்பர். அங்கே இப்போது வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை மூன்று வட்டங்களை அடிப்படையாகக் கொண்டது. வீட்டுச் சுவரிலிருந்து ஒன்றரை மீற்றர், அதாவது ஐந்து அடிக்கு எரியக்கூடியது எதுவுமே இருத்தலாகாது. அங்கிருந்து பத்து மீற்றர் வரை புல்லும் சருகும் குறைவாக இருக்க வேண்டும். முப்பது மீற்றர் வரை பற்றையை ஐதாக்கி, மரத்துக்கு மரம் இடைவெளி விட வேண்டும்.

இதைப் படித்தபோது எமக்குச் சிரிப்பும் பெருமையும் ஒருங்கே தோன்றின. முதலாவது வட்டம் எமது பாட்டிமாரின் மணல் முற்றமன்றோ! விடியற்காலையில் விளக்குமாறு கொண்டு கூட்டி, சாணித் தண்ணீர் தெளித்து, ஒரு புல்லுக்கும் இடங்கொடாது செருக்கி வைத்த முற்றம், பாம்புக்கும் பூச்சிக்கும் அஞ்சிச் செய்த ஏற்பாடு என்றே நாம் எண்ணியிருந்தோம். அது தீக்கும் அரண். குளக்கட்டின் கீழ் வயல், வயலின் ஓரத்தில் வீடுகள், அதற்கப்பால் காடு என்ற பழைய வன்னிக் கிராமத்தின் அமைப்பிலே, ஒரு புறத்திலாவது தீக்கு வழியில்லாமல் இருந்தது. வீதியை நோக்கி நீளமாகக் காணி வெட்டிக் கொடுத்த பிற்காலக் குடியேற்றங்களில் பல வீடுகளுக்குப் பின்வளவே காடாக அமைந்துவிட்டது.

கூரையும் வேலியும்

கிடுகுக் கூரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பொறி போதும். போருக்குப் பின்னர் இந்திய வீட்டுத் திட்டத்தாலும் ஏனைய திட்டங்களாலும் வன்னியிலே பல்லாயிரம் கல்வீடுகள் எழுந்துள்ளன. இது பெரும் பாதுகாப்பு. ஆனால் கல்வீட்டுக்குப் பின்னால் குசினி மட்டும் ஓலைக் கொட்டிலாகவே இருப்பதை ஊருக்கு ஊர் காணலாம். கொட்டில் சுவரோடு ஒட்டியிருந்தால், அது பற்றும்போது கல்வீட்டின் கைமரமும் பற்றும். குசினிக் கொட்டிலை வீட்டிலிருந்து முப்பது அடியாவது தள்ளிப் போடுவது நன்று. இடமில்லையேல் அதற்கு மட்டுமாவது தகரமோ ஓடோ போட்டுவிடலாம்.

ஓட்டு வீட்டுக்காரரும் கவலையற்று இருத்தலாகாது. ஓட்டுக்கு அடியிலே அணிலும் குருவியும் கொண்டுவந்து சேர்க்கும் தும்பும் சருகும் பொறிக்கு மெத்தை. ஆண்டுக்கொருமுறை ஓட்டைக் கழற்றித் தட்டிப் போடும் வழக்கம் பல வீடுகளில் ஒழுக்குக்காகவே நடைபெறுகின்றது. அது புரட்டாசியில் நடக்கின்றது. அதை வைகாசிக்கு முன்னர் நடத்தினால் இரண்டு வேலையும் ஒன்றாய் முடியும். முகட்டோட்டின் இடுக்கையும் சீமெந்துச் சாந்தால் அடைத்துவிடலாம். அஸ்பெஸ்டஸ் சீற்றுப் போட்ட வீட்டார் ஒன்றை நினைவிற்கொள்க. அச்சீற்று எரியாது, ஆனால் கடும் வெப்பத்தில் படீரென்று வெடித்துத் துண்டுகள் பறக்கும். எரியும் கொட்டிலின் அருகே தண்ணீர் ஊற்றுவோர் அதன் கீழ் நிற்கலாகாது.

அடுத்தது வேலி. இதைப் பற்றி எழுதுவோர் குறைவாதலால் நாம் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகின்றோம். பனையோலை வேலியும், காய்ந்த முட்கிளைகளை அடுக்கிக் கட்டும் அலம்பல் வேலியும் வெடிக்குத் திரி இருப்பதுபோல் வீட்டுக்குத் தீயைக் கொண்டுவரும். வளவின் மூலையில் பற்றிய நெருப்பு, நிலத்தில் புல்லேயில்லாதிருந்தாலும், வேலி வழியே ஓடிவந்து படலையை அடைந்து, படலையிலிருந்து திண்ணைக்குத் தாவும். உயிர்வேலியே இதற்கு மருந்து. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, ஆடாதோடை முதலியன மாரி தொடங்கும்போது நட்டால் இரண்டாண்டில் வேலியாகும். சீமைக்கிளுவை ஆட்டுக்குக் குழையும் தரும். ஓலை வேலியை விட முடியாதவர்கள், வீட்டை அணுகும் கடைசிப் பத்து முழத்தையாவது ஓலையின்றிக் கம்பியாகவோ தகரமாகவோ விடலாம். திரி அங்கே அறுந்துவிடும்.

வைக்கோற்போர், விறகுக் குவியல், காய்ந்த தேங்காய் மட்டைக் கும்பம் ஆகியவை வீட்டுக்குக் காற்று வரும் பக்கத்தில் இருத்தலாகாது. சோளகம் தென்மேற்கிலிருந்து வீசுவதால், வடகிழக்குப் பக்கமாக, தள்ளி வைப்பதே முறை. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களிலிருந்து, வீட்டுக்குள்ளேயே கலன்களில் பெற்றோலைச் சேர்த்து வைக்கும் பழக்கம் சிலரிடம் ஒட்டிக்கொண்டது. இதைவிட வெடியை மடியில் கட்டிக்கொள்ளலாம்.

குளிக்கும் நீரும் கழுவும் நீரும் ஓடும் பக்கத்திலே வாழை நடுவது எம்மவர் வழக்கம். அதைக் காட்டுப் பக்கமாக நட்டால் கோடை முழுதும் ஈரமுள்ள பச்சைச் சுவர் ஒன்று கிடைக்கும். தொங்கும் வாழைச் சருகை மட்டும் அவ்வப்போது அறுத்துவிட வேண்டும்.

நாமே மூட்டும் தீ

வானத்திலிருந்து விழுந்த நெருப்பால் வன்னிக் காடு எரிவது மிக அரிது. இடியும் மின்னலும் மழையோடு வருபவை. எரிப்பவர் நாமே. இளம்புல் முளைக்கட்டும் என்று மேய்ச்சல்காரர் வைப்பதும், தேன் எடுப்போர் புகைப்பந்தத்தை விட்டுவருவதும், காலபோக அறுவடைக்குப்பின் வயலில் வைக்கோலைக் கொளுத்துவதும், யானையை விரட்டப் போடும் வெடி காய்ந்த புல்லில் விழுவதும், வளவுக் குப்பையை நண்பகலிற் கொளுத்திவிட்டுச் சமையலுக்குப் போவதுமாகிய இவையே காரணங்கள். ஒதுக்கக் காட்டிலே தீ மூட்டுதல் 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் காடுகள் கட்டளைச் சட்டப்படி குற்றமாகும். எனினும் சட்டம் வந்து சேர்வதற்குள் தீ போய்ச் சேர்ந்துவிடுகின்றது.

சேனைக்காரரை மட்டும் குறைகூறுவோரோடு நாம் உடன்படோம். ஒழுங்காகச் சேனை எரித்தவர்கள் காற்றைப் படித்தவர்கள். வெட்டிய காட்டைச் சுற்றி பதினைந்து இருபது அடிக்குத் துப்புரவாக்கி, காற்று ஓயும் மாலையிலே, காற்றுப் போகும் முனையில் முதலில் தீ வைப்பர். சோளக காலத்தில் அது வடகிழக்கு முனை. அங்கே மூட்டிய தீ காற்றுக்கு எதிராக மெல்லப் பின்னோக்கி எரிந்து, கரிந்த பட்டையொன்றை உண்டாக்கும். அப்பட்டை அகன்ற பின்னரே மறுமுனையில் வைப்பர். விரைந்து வரும் தீ கரிந்த நிலத்தை அடைந்ததும் உண்ண ஒன்றுமின்றி நின்றுவிடும். வளவுக் குப்பை எரிப்போரும் இம்முறையையே கைக்கொள்ளலாம். மரக்கட்டையும் வேரும் நாட்கணக்கிற் புகைந்துகொண்டிருந்து, காற்று எழுந்ததும் மீளப் பற்றுவதுண்டு. ஆதலால் கையால் தொட்டுச் சூடில்லை என்று கண்ட பின்னரே வீடு திரும்புதல் வேண்டும்.

மலைச்சரிவிலே நிலைமை இன்னும் கடுமையானது. 2018 மார்ச் 11ஆம் நாள் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், மலையேறச் சென்ற இளைஞரும் பெண்களும் காய்ந்த புல்லில் ஓடிவந்த தீயிடை அகப்பட்டனர். இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தீ மேட்டை நோக்கி ஓடுவதில் மனிதனை வென்றுவிடும். வன்னி சமநிலமாதலால் இங்கே தீக்கு வழிகாட்டுவது காற்று ஒன்றே.

மண்ணுக்குள் உறங்கும் தீ

வன்னியிலே வேறோர் அபாயமும் உண்டு. போர் நடந்த நிலத்திலே மிதிவெடியும் வெடியாத எறிகணையும் புதையுண்டு கிடக்கின்றன. குப்பைக்குத் தீ வைத்தபோது அடியிற் கிடந்தது வெடித்துக் காயமடைந்தோர் பற்றிய செய்தி அவ்வப்போது வருகின்றது. நிலக்கண்ணிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் 2017 டிசெம்பரிற் சேர்ந்த இலங்கைக்கு, அவற்றை அகற்றி முடிப்பதற்கு 2028 ஜூன் வரை தவணை விதிக்கப்பட்டது.

எனவே வேறிடங்களிலே சரியான அறிவுரை இங்கே உயிருக்கு உலையாகலாம். தீயைத் தொடக்கத்திலேயே ஓடிச்சென்று அடித்து அணைக்கவேண்டும் என்பர். பற்றைக்குள் ஓடுவதற்கு முன்னர், அது துப்புரவாக்கப்பட்ட நிலமா என்பதை அறிந்திருத்தல் வேண்டும். மண்டையோட்டுப் பலகையோ சிவப்புப் பூசிய தடியோ உள்ள எல்லைக்கு அப்பால் எவரும் கால்வைக்கலாகாது. அத்தகைய காணி எரியும்போது, வீதியிலோ உழுத வயலிலோ நின்று அங்கேயே தீயை எதிர்கொள்ள வேண்டும். வெடிச்சத்தம் கேட்டால் பிள்ளைகளோடு வெகுதூரம் விலகிவிட வேண்டும். புதிதாக வெளியாக்கும் காணியில் குப்பையைக் குவித்து எரிப்பதை விட்டு, குழையாகப் பசளைக்குத் தாழ்ப்பதே அறிவுடைமை.

தீ வந்துவிட்டால்

2016 செப்டெம்பரில் ஓரிரவு கிளிநொச்சிப் பொதுச் சந்தை எரிந்தபோது, தீயணைப்பு வண்டி யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருந்தது. கடைகள் பல அதற்குள் அழிந்தன. நகரத்துச் சந்தைக்கே இந்நிலை எனின், ஒட்டுசுட்டானுக்கு உட்பட்ட ஒரு காட்டோரக் குடியிருப்பு எவரை எதிர்பார்த்திருக்க முடியும்? முதல் ஒரு மணி நேரத்துக்கு ஊரவரே தீயணைப்புப் படை. அயலார் ஏழெட்டு வீட்டார் கூடி, யாரிடம் நீரிறைக்கும் இயந்திரம் உண்டு, யாரிடம் உழவு இயந்திரம் உண்டு, எந்தக் கிணறு கோடையிலும் வற்றாது, கிழவரும் குழந்தைகளும் எந்த வீட்டில் உள்ளனர் என்று சித்திரையிலேயே பேசிவைத்தல் வேண்டும். உழவு இயந்திரம் இரண்டு முறை ஓடி உழுத பட்டையைப் புல்தீ கடப்பது கடினம்.

அணைப்பதற்குப் பூவரசங் குழையும் நனைத்த சாக்கும் மண்ணும் நல்ல கருவிகள். குழையை ஓங்கி அடித்தால் பொறி சிதறும். அழுத்தித் துடைப்பதுபோல் அடிக்க வேண்டும். தீயின் முன்னால் நில்லாது, கரிந்த பக்கத்திலிருந்து ஓரங்களை அடித்துக்கொண்டு செல்வதே முறை. பயிருக்கு மருந்து தெளிக்கும் முதுகுத் தெளிகருவி, கூரையிலும் வேலியிலும் விழும் பொறிகளை அவிப்பதற்கு மிக ஏற்றது. மருந்து சிறிதுமின்றிக் கழுவி, நீர் நிரப்பி வைத்திருக்க வேண்டும். நைலோன் உடுப்பு உருகித் தோலோடு ஒட்டிவிடும். பருத்தித் துணியே உடுத்துக.

வெளியேற வேண்டிய வேளையை எவ்வாறு அறிவது? புகை எம்மை நோக்கி வந்து, சாம்பலோடு எரியும் துண்டுகளும் முற்றத்தில் விழத் தொடங்கினால் முதியோரும் பிள்ளைகளும் உடனே புறப்பட்டுவிடல் வேண்டும். மாட்டைக் கயிறவிழ்த்து விடுக. கட்டிநின்ற மாடே எரிந்து மாளும். உழுத வயல், குளத்தின் நீரற்ற வெறுந்தரை, கரிந்து முடிந்த நிலம் ஆகியன நல்ல அடைக்கலங்கள். கிணற்றுக்குள் இறங்குவது கூடாது. காணி உறுதியும் அனுமதிப்பத்திரமும் பிறப்புச் சான்றும் இல்லாமல் அலுவலக வாசல்களில் நின்ற காலத்தை வன்னி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றை ஒரு பையிலிட்டு, றங்குப் பெட்டியின் மேலேயே, கைக்கெட்டும்படி வைக்கலாம். மாணவர்கள் தம் சான்றிதழ்களையும் அதனுள் சேர்த்துக்கொள்க.

தீக்காயத்துக்கு முதல் மருந்து குளிர்ந்த தூய நீர். இருபது நிமிடம் நீரை ஓடவிட வேண்டும். எண்ணெய், பற்பசை, சாம்பல் எதுவும் பூசலாகாது. நோயாளர் வண்டிக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற இலக்கங்களை அழைக்கலாம்.

மாணவ நேயர்களுக்கு ஒரு வேலை தருகின்றோம். வருகின்ற விடுமுறை நாளில் கயிறு ஒன்றை எடுத்து, வீட்டுச் சுவரிலிருந்து ஐந்து அடி, முப்பத்துமூன்று அடி, நூறு அடி என அளந்து, மூன்று இடத்திலும் தடி நடுக. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் எரியக்கூடியவை எவை என்று கொப்பியில் எழுதுக. ஓலைப்பாய், பழைய தும்புத்தடி, சாக்குக் கட்டு, சைக்கிள் ரயர், வேலியில் மாட்டிய காவோலை என்று பட்டியல் நீளும். முதலாவது வட்டத்துப் பொருள்களை அன்றைக்கே அப்புறப்படுத்தலாம். இரண்டாவது வட்டத்துக்கு ஒரு சனிக்கிழமையும் ஒரு மண்வெட்டியும் போதும். மூன்றாவது வட்டம் பெரும்பாலும் அடுத்த வளவுக்குள் விழும். அதற்கு அயல்வீட்டு ஐயாவிடம் போய்ப் பேச வேண்டும். அவர் ஊரில் இல்லாவிடின் கிராம அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, சிரமதானமாகச் செய்துகொள்ளலாம்.